மட்டி, ஏத்தன், செந்துளுவன்: டிஎன்ஏ வச்சு சொந்தபந்தம் பார்க்கிறது எப்படி?

குருத்திலை (கேள்வி)

வணக்கம். எம்எஸ்சி தாவரவியல் புராஜெக்ட். நம்ம குமரி மாவட்டத்து வாழையில 8 வகை எடுத்திருக்கேன்: மட்டி, செம்மட்டி, ஏத்தன் (நேந்திரன்), செந்துளுவன் (செவ்வாழை), பாளையங்கோட்டான், ரசகதலி, பேயன், மொந்தன். எது எதுக்குச் சொந்தம்னு ஜீனோம் அளவுல காட்டணும். செந்துளுவனோட சிவப்புக்கு எந்த ஜீன் காரணம்னும் சொல்ல முடிஞ்சா நல்லது.

இப்பவே மாட்டிக்கிட்டேன். சிடிஏபி (செல்லை உடைச்சு டிஎன்ஏவைப் பிரிக்கிற ரசாயனம்) முறையில எடுத்த டிஎன்ஏ பழுப்பா, கஞ்சி மாதிரி கொழகொழன்னு வருது. நானோட்ராப் கருவியில சுத்தத்தைக் காட்டுற விகிதம் பார்த்தா 260/280 1.7, 260/230 வெறும் 0.6. பிசிஆர்ல (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிற வினை) பெருக்கி ஜெல்லுல ஓட்டினா ஒரு பட்டையும் இல்ல. சீக்வென்சிங்குக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு அண்ணன்மார் சொல்லணும்.

சீப்பெண்ணி (பதில்)

டிஎன்ஏவுக்கு முன்னாடி பெயரைச் சரிபாருங்க. எல்லையோரச் சந்தையில பெயர் ஒரு பெரிய குழி. தமிழ்நாட்டுல பூவன்னா மைசூர் வகை, ஏஏபி (ஏ, பி-ன்னா வாழையோட ரெண்டு மூதாதை இனத்து ஜீனோம்; இதுல ரெண்டு ஏ, ஒரு பி). அதைத்தான் நம்ம பக்கமும் கேரளத்துலயும் பாளையங்கோட்டான்னு சொல்றாங்க. கேரளத்துல பூவன்னா நம்ம ரஸ்தாளி. ஞாலிப்பூவன் அதுவும் இல்ல, ஏபி. களியக்காவிளையில ஒரு பெயரும் வடசேரியில ஒரு பெயரும் எழுதி வாங்கினா, ஒரே வகை ரெண்டு மாதிரியாகவும் ரெண்டு வகை ஒரே மாதிரியாகவும் போயிடும்.

அதனால ஒவ்வொரு வாழை மூட்டுக்கும் குலை, ஆண்பூ மடல், இலைக்காம்பு மூணையும் படம் எடுங்க. சிம்மண்ட்சும் ஷெப்பர்டும் 1955-ல வகுத்த 15 அடையாள மதிப்பெண் முறையைப் போட்டுப் பாருங்க. அடையாளத்துக்கு 1 முதல் 5 வரை. மொத்தம் 15-ஐ ஒட்டினா சுத்த அக்யூமினாட்டா (ஏ), 75-ஐ ஒட்டினா சுத்த பல்பிசியானா (பி). இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினாலே பாதி தெரிஞ்சிடும்: மட்டியில வாய்க்கால் ஓரம் அகலமா விரிஞ்சு நிற்கும், மொந்தன்ல ரெண்டு ஓரமும் உள்ள மடிஞ்சு கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும்.

ஒரே கிழங்குல வந்த ரெண்டு கன்றை ரெண்டு மாதிரின்னு எண்ணாதீங்க. அது ஒரே செடி. வகைக்கு 3 தோட்டம், தூரம் தள்ளி. கூடவே ஏதாவது ஒரு செடியில மட்டும் தனித்தனியா ரெண்டு தடவை டிஎன்ஏ எடுத்து வையுங்க, பின்னால உதவும்.

இனி கஞ்சி. வாழையில பாலிசாக்கரைடும் பீனாலும் ஜாஸ்தி. விரிஞ்ச இலையை விட்டுட்டு, சுருட்டு மாதிரி நிற்கிற குருத்துல நடு நரம்பை நீக்கி 100 மில்லிகிராம் எடுங்க. ஐஸ் இல்லாத இடம்னா இலைக்கு 10 மடங்கு எடை நீல சிலிக்கா ஜெல்லுல போடுங்க. ஜெல் நிறம் மாறினா அன்னைக்கே மாத்தணும். நம்ம ஊர் ஈரக்காத்துல மெதுவா காய்ஞ்ச இலை கறுத்துப் போகும், அதுலதான் பழுப்பு டிஎன்ஏ வருது.

அரைச்ச உடனே சிடிஏபி ஊத்தாதீங்க. முதல்ல சார்பிடால் கழுவல்: 0.35 மோலார் சார்பிடால், 100 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8, 5 மில்லிமோலார் ஈடிடிஏ, 1 சதவீதம் பிவிபி. ஒரு மில்லி ஊத்திக் கலக்கி, சுத்தி, மேல்நீரைக் கொட்டுங்க. மேல்நீர் கொழகொழப்பு போற வரைக்கும் 2 அல்லது 3 தடவை. அப்புறம் சிடிஏபி 2 சதவீதம், சோடியம் குளோரைடு 2 மோலார் (வழக்கமான 1.4 இதுக்குப் போதாது), பிவிபி 2 சதவீதம், மெர்காப்டோ எத்தனால் 1 சதவீதம். கடைசியா சொன்னதை அன்னன்னைக்கு ஊத்தணும். முந்தின வாரம் கலந்து வச்ச பாட்டில்ல அது செத்துப்போயிருக்கும். 65 டிகிரியில 45 நிமிஷம். குளோரோபார்ம்–ஐசோஅமைல் 24:1 ரெண்டு தடவை. இதுவரைக்கும் அறை வெப்பத்துலயே சுத்துங்க, 4 டிகிரியில வச்சா சிடிஏபியே படிஞ்சு வெள்ளையா நிற்கும், டிஎன்ஏன்னு ஏமாந்திடுவீங்க. ஆர்என்ஏஸ் 37 டிகிரியில அரைமணி, 0.7 பங்கு ஐசோப்ரொபனால், 70 சதவீத எத்தனால்ல ரெண்டு கழுவல்.

அளவை க்யூபிட்ல (டிஎன்ஏவுல ஒட்டுற சாயம் வச்சு அளக்கிற கருவி) பாருங்க. நானோட்ராப் ஆர்என்ஏவையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லும். கையில இருக்கிற பழைய டிஎன்ஏவையும் தூக்கிப் போட வேண்டாம். 1:10, 1:50 நீர்த்து பிசிஆர் போட்டுப் பாருங்க. நீர்த்தா பட்டை வருதுன்னா டிஎன்ஏ இருக்கு, தடுப்பான் சேர்ந்து கெடுக்குதுன்னு அர்த்தம்.

ஏபிபி (பதில்)

டிஎன்ஏ தேறினதும் நேரா சீக்வென்சிங்குக்கு ஓடாம, ஐடிஎஸ் பகுதியை (ரைபோசோம் ஜீன்களுக்கு நடுவுல இருக்கிற துண்டு) பெருக்கி ஆர்எஸ்ஏ-1 என்சைம்ல வெட்டுங்க. 2 சதவீத அகரோஸ்ல ஏ ஜீனோமுக்கு 530 பேஸ் பட்டை, பி ஜீனோமுக்கு 350-ம் 180-ம். மட்டி ஏஏ, செந்துளுவன் ஏஏஏ: ரெண்டுலயும் 530 மட்டும் வரணும். ஏத்தன் ஏஏபி, பேயனும் மொந்தனும் ஏபிபி: மூணு பட்டையும் வரணும்.

கவனிச்சீங்களா, 350-ம் 180-ம் கூட்டினா 530. அதாவது பி-யில வெட்டு முழுசா நடக்கலைன்னா, மிச்சம் நிற்கிறது ஏ மாதிரியே தெரியும். மொந்தன்ல 530 ரொம்ப தடிமனா வந்தா உடனே 'ஏ ஜாஸ்தி'ன்னு எழுதிடாதீங்க, இன்னும் 2 மணிநேரம் வெட்டவிட்டுப் பாருங்க. என்சைம் அளவு வினையில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, என்சைமோட வர்ற கிளிசரால் கூடினா கண்ட இடத்துல வெட்டும். மட்டியில லேசா 350 தெரிஞ்சா பக்கத்துக் குழாய்ல இருந்து சிந்தினதுன்னு முதல்ல சந்தேகப்படுங்க. சுத்த பி கன்ட்ரோல் இல்லாம இந்த ஜெல்லை நம்ப முடியாது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துல வாழை மரபுவளச் சேகரிப்பு இருக்கு, துறை வழியா எழுதிக் கேளுங்க.

இந்த முறை ஏஏ-வையும் ஏஏஏ-வையும் பிரிக்காது. அதுக்கு புளோ சைட்டோமெட்ரி (செல்லுக்கு டிஎன்ஏ எவ்வளவுன்னு அளக்கிறது), இல்லைன்னா வேர்நுனியில 22-ஆ 33-ஆன்னு குரோமோசோம் எண்ணணும். எண்ணுறது பொறுமை வேலை, வாழை குரோமோசோம் பொடிப்பொடியா இருக்கும்.

ஒரு கொசுறு: பி ஜீனோமுக்குள்ளேயே வாழைக் கீற்று வைரஸோட டிஎன்ஏ ஒட்டிக் கிடக்கும். பேயன் இலையில அந்த வைரஸுக்கு பிசிஆர் பாசிட்டிவ்னா நோய்னு முடிவு கட்டாதீங்க.

குருத்திலை

ரொம்ப நன்றி அண்ணே. சார்பிடால் கழுவினதுல 260/230 1.9 வந்துட்டு. நீர்த்த பழைய டிஎன்ஏவுலயும் ஐடிஎஸ் பட்டை வந்துது. அடுத்து எஸ்என்பி (டிஎன்ஏவுல ஒரெழுத்து வித்தியாசம்) எடுத்து ஒரு வம்ச மரம் போட்டா போதுமா? ஆழம் 12, அதாவது ஒவ்வொரு இடத்தையும் சராசரி 12 தடவை படிக்கிறது, கிடைக்கும்னு கொட்டேஷன் வந்திருக்கு.

தந்தைவழி (பதில்)

மரம் போடாதீங்க. மரம்னா ஒரு கிளை ரெண்டாப் பிரியணும், பிரிஞ்சது திரும்பச் சேரக் கூடாது. பேயனும் ஏத்தனும் பிரிஞ்சு வந்தவை இல்ல, ஏ-யும் பி-யும் கலந்து பிறந்தவை. கலப்பினத்தை மரத்துல திணிச்சா, எந்தப் பக்கத்து எஸ்என்பி ஜாஸ்தி வந்துச்சோ அந்தப் பக்கம் சாயும். பிசிஏ (ஒத்த மாதிரியைப் பக்கத்துல பக்கத்துல புள்ளியாக் காட்டுற படம்) போடுங்க, இல்லைன்னா ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ மென்பொருள்ல வலைப்படம்.

ஆழம் 12 மும்மயத்துக்கு (குரோமோசோம் மும்மூணு பிரதி இருக்கிற ஏஏபி, ஏபிபி மாதிரி வகை) போதாது. பி ஒரு பிரதின்னா 12 ரீட்ல (படிச்ச துண்டு) சராசரி 4, ரெண்டு பிரதின்னா 8. ரெண்டுக்கும் விலகல் ஏறக்குறைய 1.6. நடுவுல 6 வந்தா எந்தப் பக்கம்? ஆழம் 60-ல 20-ம் 40-ம், விலகல் 3.7, அங்க சந்தேகம் ரொம்பக் கம்மி. ஜிஏடிகே-ல (எஸ்என்பி கண்டுபிடிக்கிற மென்பொருள்) பிளாய்டியை, அதாவது பிரதி எண்ணிக்கையை, 3-ன்னு கொடுக்கணும், தானா இருக்கிறது 2. மட்டிக்கு 2. ஏ ரெஃபரன்ஸ் (ஒப்பிடுறதுக்கான முழு ஜீனோம்: 2012-ல வந்த பஹாங் வகையோட இரட்டித்த ஒருமயம், 523 மெகாபேஸ்) மேல மட்டும் பொருத்தினா பி ரீட்ல நிறைய ஒட்டாம உதிரும், மொந்தன் பொய்யா ஏ பக்கம் போகும். 2019-ல வந்த பல்பிசியானா ஜீனோமையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிப் பொருத்துங்க. குரோமோசோம் நெடுக ஏ:பி விகிதத்தை ஜன்னல் ஜன்னலா பாருங்க. ஏஏபி-ன்னா எங்கயும் 2:1 நிற்கும்னு எதிர்பார்க்காதீங்க. சில துண்டுல 3:0, சில துண்டுல 1:2 வரும், அது ஏ-யும் பி-யும் முன்னாடி துண்டு மாத்திக்கிட்டது. புராஜெக்ட்ல ருசியான பகுதி அதுதான்.

சீப்பெண்ணி சொன்ன இரட்டை மாதிரி இங்க கைகொடுக்கும். ஒரே செடிக்குள்ள வர்ற வித்தியாசம் உங்க பிழை அளவு. ரெண்டு தோட்டத்து மட்டி அதைவிடக் கம்மியா வேறுபட்டா, ஒரே நகல்தான்.

காசு கம்மின்னா இன்னொரு வழி உண்டு. வாழையில பசுங்கணிகம் தாய்வழி, மைட்டோகாண்ட்ரியா தந்தைவழி. செடி உலகத்துல இது அபூர்வம். மொத்த டிஎன்ஏவை 2 கிகாபேஸ் மட்டும் லேசா சீக்வென்ஸ் பண்ணினாலே, அதுல 5 சதவீதம் பசுங்கணிகம்னு வச்சாலும், 1,70,000 பேஸ் நீளத்துக்கு 500 மடங்குக்கு மேல ஆழம். ஏத்தனுக்கு அம்மா யாரு, அப்பன் யாருன்னு தனித்தனியா சொல்லிடலாம்.

சிவப்பு ஜீனை 8 வகையை ஒப்பிட்டுத் தேடாதீங்க. அந்த 8-க்குள்ள லட்சக்கணக்கா வித்தியாசம் இருக்கு, சிவப்புக்குக் காரணமானது அதுல ஒண்ணு. செந்துளுவன் மூட்டுலயே சில நேரம் பச்சைக் கன்று கிளம்பும். அந்தச் சிவப்பையும் பச்சையையும் எடுத்து ஒப்பிட்டா மீதி எல்லாம் ஒண்ணு, வித்தியாசம் கைவிட்டு எண்ணுற அளவுக்குச் சுருங்கும். ஆனா அது அடுக்குக் கலவையா இருக்கலாம்: தோல் அடுக்குல ஒரு மரபு, உள்ளே ஒண்ணு. இலையில ரெண்டும் கலந்து வரும், வேர் உள்ளிருந்து கிளம்புறது. அதனால கன்றுக்கு இலையும் வேரும் தனித்தனி, மொத்தம் 4 மாதிரி, 60 மடங்குன்னா ஒவ்வொண்ணுக்கும் 31 கிகாபேஸ், மொத்தம் ஏறக்குறைய 125. இந்த வருஷ பட்ஜெட்ல அது நிற்காது. பச்சைக் கன்று கண்ணுல பட்டா அதுல குருத்தும் வேரும் எடுத்து சிலிக்காவுல போட்டு, மூட்டுக்கு அடையாளக் கம்பி கட்டி வையுங்க. அதே மூட்டுச் சிவப்புக் கன்றுலயும் எடுத்துக்கோங்க, தோட்டக்காரர் அடுத்த வருஷம் மூட்டையே மாத்திடுவாரு.