சோசியல் ஆடிட்டுக்குத் தமிழ்ல என்ன? 'பாடாய்வு' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனி வேலை செய்றவங்கள எப்படி நடத்துதுன்னு போய்ப் பாக்குறாங்கல்ல, போன வாரம் அந்த சோசியல் ஆடிட், எத்திக்கல் ஆடிட் ரெண்டுக்கும் தமிழ்ல என்னன்னு அண்ணன் ஒருத்தர் கேட்டிருந்தாரு, 'சமூகத் தணிக்கை', 'அறநெறித் தணிக்கை'ன்னு பதிலும் வந்துச்சு. ரெண்டுமே இங்க மண்டபம் பக்கம் வேலைக்கு ஆகாதுன்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ, அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நண்டுக் கம்பெனிக்கு ஆடிட் வர்றவங்களுக்கு நான் அப்பப்ப மொழிபெயர்க்கப் போவேன். நம்ம நீலக்கால் நண்டு சதையெடுத்து டின்ல அடைச்சு அமெரிக்கா வரைக்கும் போகுது, அங்க வாங்குறவன் 'வேலை செய்றவங்கள எப்படி வச்சிருக்கீங்க'ன்னு கேக்குறான், அதுக்குத்தான் இந்த ஆடிட். சம்பளச் சீட்டு, வேலை நேரம், வயசு, தீயணைப்பான், அவசர வழி, கக்கூஸ்ல தண்ணி வருதான்னு வரைக்கும் பாப்பாங்க. ஒரு தடவ சதையெடுக்கிற பொம்பளைங்க ஏழெட்டுப் பேர தனி ரூம்ல உக்கார வச்சு (மேனேஜர், சூப்பர்வைசர் யாரும் கூட இருக்கக் கூடாது, அது விதி) நானும் பெருமையா "சமூகத் தணிக்கைக்கு வந்திருக்காங்க"ன்னு ஆரம்பிச்சேன். ஒரு அக்கா சட்டுன்னு "நூறு நாள் வேலைக் காசு இன்னும் ஏறல, மொதல்ல அத எழுதிக்கச் சொல்லு"ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. பத்து நிமிசம் அதுலயே போச்சு, ஆடிட்டர் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு.

அவங்க மேல என்ன தப்பு? 2005 வேலை உறுதிச் சட்டத்துல 17ஆம் பிரிவே கிராம சபை வச்சு சமூகத் தணிக்கை செய்யணும்னு சொன்னது, ஊர்ல மைக் செட் போட்டுச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லு அதுக்கே சொந்தமாயிருச்சு. அதுல ஊரே கணக்குக் கேக்கும். இதுல கேக்குறது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாங்குறவன், அறிக்கையும் அவன் கைக்குத்தான் போகும், வேலை செய்றவங்க கண்ணுல படாது. ரெண்டும் வேற வேற சங்கதி, ஒரே பேரு எப்படி வைக்கிறது.

அறநெறின்னு சேக்குறது எனக்கு அதவிடப் பயம். அறநிலையத்துறையிலேருந்து வந்திருக்காங்களோன்னு நெனைப்பாங்கங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும், பேருக்குள்ளயே 'இவங்க நல்லவங்க'ன்னு சான்றிதழ ஒட்டிக் குடுக்கிற மாதிரி ஆகுதுல்ல. 2012 செப்டம்பர்ல கராச்சியில ஒரு துணி ஃபேக்டரி எரிஞ்சு 250 பேருக்கு மேல செத்தாங்க, ஜன்னல்ல கம்பி, வெளிய போற வழி பூட்டு, ஆனா வேலை செய்றவங்கள ஒழுங்கா நடத்துறாங்கன்னு குடுக்கிற எஸ்ஏ 8000 சான்றிதழ் சில வாரத்துக்கு முன்னாடிதான் வாங்கியிருந்தாங்க. போய்ப் பாத்ததுக்குத்தான் பேரு வைக்கணும், பாத்த எடத்துல அறம் இருந்துச்சா இல்லையாங்கிறது அப்புறம்.

தணிக்கைன்னாலே பாதிப் பேருக்கு சினிமாதான் ஞாபகம் வரும். அக்கரையில இலங்கையில ஆடிட்ட கணக்காய்வுங்கிறாங்க, அழகான சொல்லுதான், ஆனா இங்க பாக்குறது கணக்கு மட்டும் இல்லையே. வெறும் 'ஆய்வு'ன்னு விட்டா தொழிற்சாலை ஆய்வாளர் வந்துட்டாருன்னு கம்பெனியே பதறும்.

சரி, அந்த ரூமுக்கு வர்றேன். நான் முழி பிதுங்க வெளக்கிச் சொன்னதும் ஓரத்துல இருந்த வயசான அம்மா "அப்ப எங்க பாடு என்னன்னு பாக்க வந்திருக்காக, அப்படிச் சொல்ல வேண்டியதுதான ஆத்தா"ன்னுட்டு ரெண்டு கையையும் நீட்டிக் காட்டுனாங்க. ஐஸ்ல கெடந்த நண்ட நாள் பூரா உரிச்சு வெரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி ஊறுன ஜவ்வரிசி கணக்கா இருக்கு, ஓடு கீறுன கோடு வேற குறுக்க நெடுக்க. கையுறை பெட்டி செல்ஃப்ல இருந்துச்சு, அதுமேல ஒட்டுன டேப்பு பிரிக்கவே இல்ல. ஆடிட்டர் அத குறையா எழுதிக்கிட்டாரு.

அன்னிலேருந்து எனக்கு இதுதான்: பாடு + ஆய்வு = பாடாய்வு.

பாடுன்னா கஷ்டம், அப்ப முடிவ முன்னாடியே எழுதிட்ட மாதிரி இல்லையான்னு கேப்பீங்க. கஷ்டம் மட்டும்னு யாரு சொன்னா, பாடுபடுறதுன்னா ஒழைக்கிறது, நம்ம கரையில மீன்பாடுன்னா வலையில விழுந்தது. நல்ல பாடும் உண்டு, பாடு இல்லாத நாளும் உண்டு. ஏட்டுக்கு ஏடு பாடம் மாறுறத ஒப்பிட்டுப் பாக்குற ஓலைச்சுவடிக்காரங்க இத பாடம் ஆய்வு பண்றதுன்னு படிச்சுருவாங்களோன்னு மட்டும் சின்ன சந்தேகம், ஆனா அவங்க நண்டுக் கம்பெனிப் பக்கம் வரப் போறதில்ல.

படகுலேருந்து வாங்குறவன் வரைக்கும் சரக்கு கைமாறிப் போற சப்ளை செயினுக்கு 'வழங்கல் தொடர்' போதும், விநியோகம்னா ரேஷன் கடைதான் கண்ணுக்கு வருது. நான் ஆசையா 'கைமாற்றுத் தொடர்'னு வச்சுப் பாத்தேன், கைமாத்துன்னா கடனாச்சேன்னு வீட்டுல சிரிச்சாங்க. ஆனா யோசிச்சா அது ஒண்ணும் பொய்யில்ல, வலை வாங்க ஏஜென்ட்டுகிட்ட முன்பணம் வாங்குன படகுக்காரர் நண்ட அவருக்குத்தான் போடணும், வெலையும் அவர் சொல்றதுதான். அந்தக் கணக்க எந்த ஆடிட்டரும் கேட்டு நான் மொழிபெயர்த்ததே இல்ல. கரையில நண்டு அவிக்கிற கொட்டாய்க்கும் என்னக் கூட்டிட்டுப் போனதில்ல, எல்லாம் கம்பெனி கேட்டோட சரி. அதனால இன்னொரு சொல்லும் வேணும், கேட் வரைக்கும் பாத்தது 'ஆலைப் பாடாய்வு', கொட்டாய், படகு வரைக்கும் போறது 'தொடர்ப் பாடாய்வு'. ரெண்டையும் ஒரே பேர்ல எழுதுனா முதல்ல பாத்தத வச்சே ரெண்டாவதும் முடிஞ்சதுன்னு காட்டிருவாங்க.

விதிப்படி இல்லாதத ஆடிட்ல நான்கன்ஃபார்மிட்டிம்பாங்க, அதுக்கு 'ஒவ்வாமை' போட்டிருந்த தம்பிக்கு, அது நண்டு தின்னா சில பேருக்குத் தடிச்சு வருமே, அது. 'குறை'ன்னே வச்சுக்கலாம், அந்தப் பொம்பளைங்களுக்கும் புரியும்.

ஆடிட்டருக்குத்தான் இன்னும் சொல்லு அமையல. பாடாய்வர்னா பாடகர் மாதிரி கேக்குது, பாடாய்வாளர்னா நீளமா இருக்கு. யாருக்காவது ஏதாவது தோணுச்சுன்னா இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க, அடுத்த ஆடிட்டுக்கு வேதாளை பக்கம் கூப்பிட்டிருக்காங்க, அங்க சொல்லிப் பாத்துர்றேன்.