வலை போட்டும் முட்டைக்கோஸில் புழு: என்ன செய்யலாம்?

லண்டன் ஹாரோவில் அலாட்மெண்ட் (காய்கறி போட வாடகைக்கு எடுக்கும் தோட்டத் துண்டு) வைத்திருக்கிறேன். வலை போட்டும் முட்டைக்கோஸ், கேல் கீரை இலையெல்லாம் ஓட்டை.

மே கடைசியில் நாற்று நட்டதுமே நீலத் தண்ணீர்க் குழாயை வளைத்துக் குத்தி, 7 மி.மீ. கண்ணுள்ள வலையால் மூடினேன். புறாவும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் அண்டவில்லை, அதுவரை சரி. ஜூன் நடுவில் வேறு தொல்லை ஆரம்பித்தது. இலைக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் பச்சைப் புழுக்கள். தொட்டால் வெடுக்கென்று பின்னால் நெளிந்து, நூல் விட்டுத் தொங்குகின்றன. சில இடங்களில் இலையைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடி மாதிரி விட்டுவைத்திருக்கின்றன. டயமண்ட்பேக் அந்துப்பூச்சிதான் என்று நினைக்கிறேன். ஊரில் காலிஃபிளவரைக் காலி செய்யும் அதே ஆள், இங்கேயும்!

கையால் பொறுக்கினேன், இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினேன், வலையின் ஓரத்தை மண்ணில் புதைத்தேன். இலை வலையில் படாமல் குழாயையும் உயர்த்தினேன். குறைந்தபாடில்லை. மருந்து அடிக்க விருப்பமில்லை.

அடுத்து 0.8 மி.மீ. பூச்சி வலைக்கு மாறலாம் என்று யோசனை. விலை அதிகம், அது பரவாயில்லை. ஆனால் புழுவும் கூட்டுப்புழுவும் செடியிலேயே இருக்கும்போது மூடினால் அவற்றையும் உள்ளேயே அடைத்துவிடுவேனே.

பருவத்தின் நடுவில் இப்படி வலை மாற்றியவர்கள், மூடுவதற்கு முன் செடியில் இருந்த புழுக்களை எப்படித் தீர்த்தீர்கள்?