48 வோல்ட் பேட்டரியை 36 வோல்ட் ஸ்கேட்போர்டு கன்ட்ரோலரில் கொடுக்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவன்)

எல்லாருக்கும் வணக்கம். எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், பேட்டரியை இணைக்கும் இடத்தில் வேலை நிற்கிறது. கன்ட்ரோலர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து கொடுக்கும் போர்டு) இரண்டு மோட்டாருக்கானது, மேலே 6எஸ் முதல் 10எஸ் வரை, அதாவது வரிசையாக இணைத்த 6 முதல் 10 செல் வரை, 36 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மோட்டார் இரண்டும் 190 கேவி. மோட்டார் புல்லி 16 பல், சக்கரப் புல்லி 36 பல், சக்கரம் 83 மில்லிமீட்டர். என்னிடம் இருப்பது மாமாவின் பழைய ஸ்கூட்டரில் கழற்றிய 48 வோல்ட் லித்தியம் பேட்டரி, 13எஸ். மோட்டார் விற்றவர் 48 தாங்கும் என்கிறார். இன்னொரு கடையில் கேட்டால் 12 வோல்ட்தானே கூட, ஓடும் என்கிறார்கள். புதுப் பேட்டரிக்கு இப்போது காசு இல்லை. கொடுத்துப் பார்க்கலாமா? முழுச் சார்ஜ் ஏற்றாமல் பாதியில் வைத்து ஓட்டினால் சரியாக இருக்குமா?

பதில் (வண்ணாரப்பேட்டை, பேட்டரி வண்டி ஒர்க்‌ஷாப்)

தம்பி, கொடுத்துவிடாதே. மோட்டார் தாங்கும் என்று அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் இங்கே கேள்வி மோட்டாரைப் பற்றியது இல்லை. வோல்ட்டேஜைத் தாங்கமுடியாமல் முதலில் போவது கன்ட்ரோலர்தான்.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் 36, 48 எல்லாம் நடுவாந்தர வோல்ட்டேஜ். ஒரு லித்தியம் அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். 10 செல் வரிசையாக இருந்தால் 42, 13 செல் இருந்தால் 54.6. உன் கன்ட்ரோலர் 42-க்காகச் செய்தது, நீ கொடுக்கப்போவது 54.6. போன மாதம் ஒரு பையன் இதே மாதிரி எரிந்த கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்தான், திறந்து பார்த்தால் 50 வோல்ட் போட்ட கெபாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன, பக்கத்தில் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் மாஸ்பெட் இரண்டு வெடித்திருந்தன. மாஸ்பெட் ஷார்ட் ஆகிவிட்டால் மோட்டார் அந்த இடத்திலேயே இறுகிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் பலகையில் அப்படி ஆனால் நீ ரோட்டில் முகம் குப்புற விழுவாய்.

பாதிச் சார்ஜ் யோசனையும் ஆகாது. 13 செல் சேர்ந்து 42 வோல்ட்டுக்கு வரவேண்டும் என்றால் ஒரு செல் 3.23 வோல்ட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட காலிப் பேட்டரி. அதை வைத்துத் தெருமுனை தாண்டமாட்டாய்.

பதில் (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி சொன்னதோடு வேகத்தையும் கொஞ்சம் பாருங்கள். 190 கேவி என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று. 48 வோல்ட்டில் 9,120 சுற்று, புல்லி வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது சுமார் 4,050, 83 மில்லிமீட்டர் சக்கரத்தில் அது மணிக்கு 63 கிலோமீட்டர். 36 வோல்ட்டிலேயே கணக்குப்படி 47 தாண்டும். ஆள் ஏறினால் இதில் குறையும்தான், ஆனாலும் கைப்பிடி இல்லாத பலகையில் நம் ஊர் வேகத்தடையும் பள்ளமும் தாண்ட 36 வோல்ட்டே தாராளம்.

கேட்டவர்

நன்றி அண்ணாச்சி, நன்றி அண்ணா. அப்படியென்றால் இடையில் 48-ஐ 36 ஆக்கும் கன்வெர்ட்டர் போடலாமா? இல்லை, பேட்டரியில் 10 செல் வரை மட்டும் வயர் இழுத்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்)

இரண்டும் வேண்டாம். இரண்டு மோட்டாரும் சேர்ந்து கிளம்பும்போது 30, 40 ஆம்பியர் இழுக்கும், கடையில் கிடைக்கும் சின்னக் கன்வெர்ட்டர் அதற்குத் தாங்காது. தாங்கினாலும் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரி பக்கம் திருப்பி அனுப்பும், சாதாரணக் கன்வெர்ட்டர் வழியாக அது திரும்பிப் போக வழியில்லை. போக இடம் இல்லாவிட்டால் கன்ட்ரோலரில் வோல்ட்டேஜ் ஏறும், ஒன்று பிரேக் விட்டுப்போகும், இல்லை கன்ட்ரோலர் போகும்.

நடுவில் வயர் இழுத்தால் 10 செல் தேயும், மூன்று செல் அப்படியே நிற்கும். அடுத்த சார்ஜில் அந்த மூன்றும் முதலில் நிரம்பிவிடும், பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு அதோடு சார்ஜை நிறுத்திவிடும், மற்ற பத்தும் நிரம்பாமலே கிடக்கும். பிஎம்எஸ் பழுதாக இருந்தால் அந்த மூன்றும் 4.2-ஐத் தாண்டி ஏறும், தீப்பிடிக்கிற வேலை அது.

பதில் (வண்ணாரப்பேட்டை, பேட்டரி வண்டி ஒர்க்‌ஷாப்)

சரியாகச் சொன்னார். 13எஸ்ஸைப் பிரித்து முறையாக 10எஸ் ஆக்கலாம். ஆனால் பிஎம்எஸ், சார்ஜர் இரண்டும் மாறவேண்டும், பழைய 54.6 வோல்ட் சார்ஜரை மறந்தும் அதில் செருகக்கூடாது. ஸ்பாட் வெல்டிங் மெஷின் உள்ள ஆளிடம் கொடு, செல் மேல் நேராக ஈயப்பற்று வைக்காதே, சூட்டில் செல்லின் உள்ளே கெட்டுப்போகும். பழைய செல்களில் தரம் இறங்கியவற்றை ஒதுக்கச் சொல். பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் என்றும் பார். பழைய ஸ்கூட்டர் பிஎம்எஸ் 15, 20 ஆம்பியர்தான் இருக்கும் என்றால் கன்ட்ரோலரில் பேட்டரி கரண்ட்டை அதற்குக் கீழே வைக்கவேண்டும், இல்லையென்றால் ஏறும்போது சட்டென்று அணைந்துபோகும்.

13எஸ்ஸை அப்படியே வைத்துத்தான் தீரவேண்டும் என்றால் கன்ட்ரோலரை மாற்று. 60 வோல்ட் என்று போட்டதுகூட 54.6-க்கு நெருக்கம்தான், பிரேக்கில் எகிறுவதற்கு இடம் இருக்காது. 75 வோல்ட் தாங்குவதாகப் பார். இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்து எது குறைவோ அதைச் செய்.

கேட்டவர்

மீட்டர் வைத்துப் பார்த்தேன், இப்போதே 51.8 காட்டுகிறது. 10எஸ்ஸாக மாற்றவே கொடுக்கப்போகிறேன். கன்ட்ரோலர் செல் எண்ணிக்கையைத் தானாகவே கண்டுபிடிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்)

கையாலேயே 10 என்று போடுங்கள். பாதித் தேய்ந்த 10எஸ் பேட்டரி 35 வோல்ட்டில் இருக்கும்போது ஆன் செய்தால் சில கன்ட்ரோலர்கள் அதை 9எஸ் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் செல்லுக்கு 3 வோல்ட் கணக்கில் 30-ல் நிறுத்தவேண்டியது, 9 செல் என்று நினைத்து மொத்தம் 27 வரை இறக்கிவிடும், ஒரு செல்லுக்கு 2.7தான் மிஞ்சும்.

இன்னொன்று. முழுச் சார்ஜோடு நேராகச் சரிவில் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி பிரேக் மின்சாரத்தை வாங்காது, பிரேக் விட்டுப்போகலாம். சமதளத்தில் கொஞ்சம் ஓட்டி 41 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின் சரிவுக்குப் போங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் பக்கம் இதை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

பதில் (வண்ணாரப்பேட்டை, பேட்டரி வண்டி ஒர்க்‌ஷாப்)

முதல் தடவை இணைக்கும்போது பாசிட்டிவ் வயரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போடு. கெபாசிட்டர் நிரம்பும்வரை கரண்ட் மெதுவாகப் போகும், பொறி அடிக்காது. உள்ளே ஷார்ட் இருந்தாலும் கன்ட்ரோலர் புகையாது. ஷார்ட் இருந்தால் கன்ட்ரோலரில் வோல்ட்டேஜ் பேட்டரி அளவுக்கு ஏறாது, அதை மீட்டரில் பார்த்துக்கொள். எல்லாம் சரி என்றால் பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொடு, பல்போடு மோட்டாரைச் சுற்றவிடாதே. சக்கரம் தரையில் படாமல் பலகையைக் கவிழ்த்துவைத்துச் செய். பேட்டரி மாற்றி வந்ததும் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று இங்கே போடு, இணைக்கும் முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.