ஆவி அடர்த்தியா, ஆவிச்செறிவா, வேதுக்கனமா?

டொரண்டோவிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். மருத்துவர் அனுமதியோடு கஞ்சா எடுத்துக்கொள்ளும் தமிழ் நோயாளிகளுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். (2018 அக்டோபரில்தான் கனடாவில் வயதுவந்த எல்லோருக்கும் சட்டப்படி ஆனது, மருத்துவத்துக்கு 2001 முதலே விதிமுறை உண்டு.) வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கையடக்க வேப்பரைசரில் உலர்ந்த பூவை எரிக்காமல் சூடாக்கி, வருவதை உள்ளிழுக்கிறார்கள். ‘வேப்பர் டென்சிட்டி’யை, அதாவது உள்ளிழுக்கும் ஆவியின் தடிப்பை, கூட்டுவது பற்றி ஒரு பக்கம். பூவை ஒரே சீராகப் பொடித்து, கிண்ணத்தில் அமுக்காமல் நிரப்பி, சூடு ஏறும்வரை பொறுத்து, மெதுவாக நீளமாக இழுக்க வேண்டும். எல்லாம் எழுதிவிட்டேன், தலைப்புதான் வரவில்லை. ‘ஆவி அடர்த்தி’ போடலாமா?

கோவையிலிருந்து:
வேண்டாம் சகோதரி. ‘மூலக்கூறு நிறை = 2 × ஆவி அடர்த்தி’ என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்கள் நாங்கள். ஒரு வாயு ஹைட்ரஜனைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது அது. இங்கே விஷயமே வேறு. தவிர, ஆவி கண்ணுக்குத் தெரியாது; வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். ‘நுண்துளிச்செறிவு’தான் சரி.

மதுரையிலிருந்து:
ஆவி தெரியாது என்று பெரும்பாணாற்றுப்படைக்குச் சொல்லுங்கள் ஐயா. ‘ஆவி அன்ன அவிர்நூற் கலிங்கம்’ என்கிறதே, கண்ணில் படாத பொருளையா துணிக்கு உவமை சொன்னார்? ‘ஆவிச்செறிவு’ போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
பிள்ளை, சளிக்கு நாங்கள் வேது பிடிப்போம். வேது இருக்க ஆவிக்கு ஏன் போவான்? வே என்பது அடி. வேதல், வேக்காடு, வெம்மை, வெயில், வேனில் எல்லாம் அந்த வழி. நெருப்பு நிறத்தில் பூக்கும் வேங்கையும் அதில்தான் வரும் என்பது என் துணிபு. கருவி வேதுகலன், உங்கள் டென்சிட்டி வேதுக்கனம்.

கோவையிலிருந்து:
வேங்கையை விடுங்கள் ஐயா. வேது என்றால் போர்வைக்குள் தலையை விட்டு நொச்சி இலைப் பானை. நோயாளி பூவைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிடுவார்.

டொரண்டோவிலிருந்து:
சிரித்துவிட்டேன். ஆனால் சிக்கல் வேறு இடத்தில். 180 பாகை செல்சியஸில் மருந்து வந்துகொண்டிருக்கும், வாயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வயதானவர்கள் வேலை செய்யவில்லை என்று 210க்கு ஏற்றிவிடுகிறார்கள். தடித்து வருகிறது, கூடவே தொண்டை எரிச்சலும். சிலர் வேகமாக இழுக்கிறார்கள், உள்ளே போகும் காற்று கிண்ணத்தையே ஆற்றிவிடுகிறது.

மதுரையிலிருந்து:
அப்படியானால் என் சொல்லை நானே வெட்டுகிறேன். செறிவு என்றதும் மருந்தின் அளவு என்றே படிப்பார்கள். ‘ஆவி தடிப்பாக வர’ என்று தலைப்பிடுங்கள், கலைச்சொல்லே வேண்டாம்.

கோவையிலிருந்து:
கையேட்டின் கடைசியில் சொற்பட்டியல் உண்டே, அங்கே என்ன போடுவார்? பெயர்ச்சொல் வேண்டும். நுண்துளியை நான் விடவில்லை. அவசரத்துக்கு ஆவிச்செறிவு என்றால் தடுக்கவும் மாட்டேன்.

டொரண்டோவிலிருந்து:
தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் ஆவிச்செறிவு பக்கமே. பட்டியலில் அது, தலைப்பில் ‘ஆவி தடிப்பாக வர’. கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: கண்ணுக்குத் தெரிவதை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
போடுங்கோ. ‘செறிவு’க்கு என் உடன்பாடு இல்லை என்பதைக் குறித்து வையுங்கோ. வேங்கை பற்றித் தனி மடல் வருகிறது.