வெர்மான்ட் கிராமத்தில் தனியாக வாழும் முதியவருக்கு உதவி தேவை
வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், அதன் வடகிழக்கு மூலையில், எசெக்ஸ் கவுன்ட்டியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 80 வயதுக்கு மேல். தனியாக இருக்கிறார். பார்வை மங்கியதால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். இந்தப் பக்கம் கார் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரிதான்.

உதவிகள் பற்றித் தகவல் சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தேன். பொறுமையாகக் கேட்டு, இந்தப் பகுதி முதியோர் நல முகமையின் எண்ணைத் தந்தார்கள். 60 வயதைத் தாண்டி, வெளியே போக முடியாதவர்களுக்கு மீல்ஸ் ஆன் வீல்ஸ் என்ற திட்டத்தில் சாப்பாடு வீட்டுக்கே வருமாம். சரி, அது நடக்கும் என்று நம்புகிறேன்.

எனக்குக் கவலை மருத்துவமனைப் பயணம்தான். சொந்தக் காரில் அழைத்துப்போகும் தன்னார்வ ஓட்டுநர்கள் உண்டு என்கிறார்கள். யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்? டாக்டரைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பார்களா?

அப்புறம், பனிக்காலத்துக்கு முன் வீட்டைச் சூடாக்கும் எரிபொருள் உதவிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அவரோ, "இதுவரை யாரிடமும் கேட்டதில்லை" என்று தயங்குகிறார். அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.