உதவி தேவை: பழைய டிவி கேம் கருப்பு வெள்ளையா வருது, பத்து நிமிஷத்துல நின்னுடுது, துப்பாக்கியும் சுடல

உறையூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். 1997-ல அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம் போன வாரம் அம்மா வீட்டுப் பரண்ல கிடைச்சுது. கம்பெனி பேர் எதுவும் போடாத பெட்டி. ரெண்டு பேட், ஒரு துப்பாக்கி, மூணு கேசட். காண்ட்ரா, மேரியோ, அப்புறம் வாத்து சுடுற டக் ஹன்ட் இருக்கிற '9999999 இன் 1'. பேட் வயரை அப்பா எப்பவும் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். அந்த ரப்பர் பேண்ட் இறுகி வயரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பிச்சு எடுக்கவே எனக்கு மனசு வரல.

பொங்கலுக்கு என் தம்பி மஸ்கட்ல இருந்து வர்றான். அதுக்குள்ள இதை ஓட வைக்கணும். வீட்டுல இருக்கிறது 43 இன்ச் எல்இடி. படம் வருது, ஆனா கலரே இல்ல. பத்து, பதினஞ்சு நிமிஷம் ஓடினா படம் உறைஞ்சு நின்னுடுது. அரை மணி நேரம் ஆஃப் பண்ணி வெச்சா மறுபடி ஓடுது. துப்பாக்கியால ஒரு வாத்து கூட விழல. கேசட்டை ஊதி ஊதிப் பார்த்தாச்சு. போர்டு போயிடுச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எட்டுபிட்_பையன்:

அக்கா, முதல்ல ஊதுறதை நிறுத்துங்க. சின்ன வயசுல எல்லாரும் அதைத்தான் செஞ்சோம். ஆனா கழட்டி மறுபடி சொருகுறதுலதான் கேசட் சரியாகும். வாய்க் காத்துல இருக்கிற ஈரம் கேசட் அடியில இருக்கிற செம்புக் கோடுகளை அரிச்சிடும். மெடிக்கல்ல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்க. காது குடையுற பஞ்சுக் குச்சியில நனைச்சு 60 கோட்டையும் துடைங்க. பஞ்சு கருப்பா வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும்.

கலர் விஷயத்துக்கு ஒரு கேள்வி. மஞ்சள் பின்னை டிவியோட எந்த ஓட்டையில குத்தியிருக்கீங்க? பச்சையா? ரிமோட்ல சோர்ஸ் எதுல இருக்கு? மேரியோ போட்டுட்டு, டிவிக்கு ஒரு சாண் தூரத்துல போய் வானத்தைப் பாருங்க. சாம்பல் நிறத்துக்குள்ள பொடிப் பொடியா புள்ளி வலை மாதிரி தெரியுதா?

உறையூர்க்காரி:

ஆமா தம்பி, பச்சை ஓட்டைதான். மஞ்சள் ஓட்டையே இந்த டிவியில இல்ல. சோர்ஸ் 'காம்போனென்ட்'. நீங்க சொன்ன புள்ளி வானத்துல இருக்கு, குழாய்லயும் இருக்கு. மேகம் மட்டும் சுத்தமான வெள்ளை.

எட்டுபிட்_பையன்:

அப்போ கலர் எங்கயும் போகல அக்கா. அந்தப் புள்ளிதான் கலர். நம்ம பெட்டி வெளிச்சத்தையும் கலரையும் ஒரே வயர்ல கலந்து அனுப்புது. காம்போனென்ட்ல டிவி அந்த ஓட்டையில வெளிச்சத்தை மட்டும் எதிர்பார்க்கும். கூட வர்ற கலர் சிக்னலைப் பிரிக்கத் தெரியாம அதையும் படமா வரைஞ்சிடுது. மேகத்துல கலர் இல்ல, அதனாலதான் அங்க புள்ளியும் இல்ல. புது டிவி நிறையத்துல காம்போனென்ட், ஏவி ரெண்டுக்கும் அந்தப் பச்சை ஓட்டை ஒண்ணுதான். பின்னைத் தொட வேண்டாம், சோர்ஸை, கலந்து வர்றதைப் பிரிக்கத் தெரிஞ்ச 'ஏவி'க்கு மாத்துங்க.

உறையூர்க்காரி:

வந்துடுச்சு! வானம் நீலமா வந்துடுச்சு. அடுப்படியில இருந்த அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நன்றிப்பா.

ஆனா பன்னெண்டாவது நிமிஷத்துல நின்னுடுச்சு.

டிவிமெக்கானிக்_மதுரை:

தங்கச்சி, என்ன அடாப்டர் போடுறீங்க? பெட்டியோட வந்ததா, வேறயா?

உறையூர்க்காரி:

பழசு தொலைஞ்சு போச்சு அண்ணா. பெட்டி அடியில இருந்த ஸ்டிக்கரும் அழிஞ்சு போச்சு. 3-லேர்ந்து 12 வோல்ட் வரைக்கும் தள்ளுற சுவிட்ச் இருக்கிற அடாப்டர் வாங்கினேன். குறைவா கொடுத்துடக் கூடாதேன்னு 12-ல வெச்சிருக்கேன்.

டிவிமெக்கானிக்_மதுரை:

அதுதான் விஷயம். இந்த மாதிரிப் பெட்டிங்க பெரும்பாலும் 9 வோல்ட். உள்ள இருக்கிற சிப்புக்கு வேண்டியது 5 வோல்ட்தான். பவர் வர்ற இடத்துக்குப் பக்கத்துல மூணு காலோட ஒரு ஐசி இருக்கும், 7805. வர்றதை 5-ஆ இறக்கிக் கொடுக்கிறது அது. மிச்சத்தை அது எங்கயும் சேத்து வைக்காது, எல்லாம் சூடாத்தான் போகும்.

சுவிட்ச் அடாப்டர் 12-ன்னு சொல்லும். லோடு இல்லாம, அதாவது பெட்டியில சொருகாம மீட்டர் வெச்சுப் பாருங்க, 16 வரைக்கும் காட்டும். பெட்டி ஓடும்போது 14 வருதுன்னு வெச்சுக்குவோம், 300 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னும் வெச்சுக்குவோம். 9 வோல்ட்டை அந்த ஐசி தின்னணும், 2.7 வாட். அதே இடத்துல 9 வோல்ட் கொடுத்தா 1.2 வாட்தான். ரொம்பச் சுட்டா அந்த ஐசி தன்னைக் காப்பாத்திக்கத் தானே அடைச்சுக்கும், ஆறினதும் திறக்கும். உங்களுக்கு அரை மணி நேரம் கழிச்சு ஓடுறது அதனாலதான். போர்டு நல்லாத்தான் இருக்கு.

சுவிட்சை 9-க்குத் தள்ளுங்க. 7.5 வேண்டாம், லோடு ஏறும்போது 7805-க்குப் பத்தாம போகலாம். முக்கியமா, அடாப்டர் முனையைத் திருப்பிப் போட்டுடாதீங்க. இப்ப எப்படி ஓடுதோ அதே பக்கம் இருக்கட்டும். பிளஸ் மைனஸ் மாறினா பெட்டி போயிடும். முடிஞ்சா வயரைக் கழட்டிட்டு ஸ்க்ரூவைத் திறந்து, 7805 முதுகுல சூட்டை இழுக்கிற ஒரு அலுமினியத் தகடு இருக்கான்னு பாருங்க.

உறையூர்க்காரி:

அண்ணா, திறந்தேன். உள்ள இவ்வளவு காலியா இருக்கும்னு நினைக்கவே இல்ல. ஒரு சின்ன போர்டு, அது மேல கருப்புப் பொட்டு வெச்ச மாதிரி சிப்பு, மிச்சமெல்லாம் வெறும் இடம். 7805 இருந்துச்சு. தகடும் இருந்துச்சு, ஆனா ஸ்க்ரூ லூசாகி ஐசிக்கும் தகடுக்கும் நடுவுல நகம் போற அளவு இடைவெளி. சூட்டைக் கடத்த நடுவுல தடவியிருந்த பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துது. துடைச்சு, புது ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி இறுக்கினேன். 9-ல வெச்சு நேத்து ராத்திரி காண்ட்ரா ஆடினேன். ஒரு மணி நாப்பது நிமிஷம், ஒரு தடவை கூட நிக்கல.

இன்னொண்ணும் கேக்கணும். மொபைல்ல பழைய கேம் ஓட்டுற எமுலேட்டர் ஆப்ல இதே மேரியோ வேகமா ஓடுது. பாட்டு கூட அவசரமா கேக்குது. எது சரி?

எட்டுபிட்_பையன்:

ரெண்டும் சரிதான் அக்கா. ஜப்பான்ல 1983 ஜூலையில நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம்ங்கிற கேம் பெட்டியோட நகல்தான் நம்ம பெட்டி. அங்க டிவி செகண்டுக்கு 60 படம், நம்ம ஊர்ல 50. ஒவ்வொரு படத்துக்கும் கேம் ஒரு அடி நகரும், பாட்டும் ஒரு அடி நகரும். நம்ம டிவிக்கு ஏத்த மாதிரி செஞ்ச பெட்டியில ஆறு அடி போற நேரத்துல அஞ்சு அடிதான் போகும். சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் நிதானம். நாம வளர்ந்தது அந்த நிதானமான மேரியோவோட. எனக்கு இன்னிக்கும் அதுதான் காதுக்குப் பொருந்துது.

உறையூர்க்காரி:

அப்போ துப்பாக்கி? தம்பி வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பான்.

டிவிமெக்கானிக்_மதுரை:

எல்இடியில அது வேலை செய்யாது தங்கச்சி. துப்பாக்கி கெட்டுப்போகல, டிவிதான் அதுக்குச் சரிப்படாது.

துப்பாக்கியில இருந்து எதுவும் வெளிய போறதில்ல. அதோட வாயில இருக்கிறது ஒரு கண்ணு. நீங்க விசையை இழுத்ததும் பெட்டி ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், முழுக்கக் கருப்பாக்கும். அடுத்ததுல வாத்து இருந்த இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடும். ரெண்டு வாத்துன்னா ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா போடும். முதல்ல இருட்டு, உடனே வெளிச்சம்னு துப்பாக்கி பார்த்தா வாத்து விழும். சும்மா பல்பைக் காட்டி ஏமாத்த முடியாம இருக்கத்தான் முதல்ல அந்தக் கருப்பு. நம்ம 50 படக் கணக்குல ஒரு ஃபிரேம் 20 மில்லிசெகண்ட்தான். பழைய குண்டு டிவியில சிக்னல் வந்த அந்தக் கணமே கோடு கோடா திரையில விழும். எல்இடி படத்தை வாங்கி, பெரிசாக்கி, ஒழுங்கு பண்ணிட்டு அப்புறம்தான் காட்டும். அது வெள்ளைக் கட்டத்தைக் காட்டும்போது பெட்டி 'குறி தப்பிடுச்சு'ன்னு எழுதி முடிச்சிருக்கும். கேம் மோடு போட்டாலும் பத்தாது.

சொந்தக்காரங்க யார் வீட்லயாவது, 2006-க்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி இருக்கான்னு கேளுங்க. ஏவி ஓட்டை இருந்தா நல்லது. இல்லாட்டி ஆன்டெனா வயர்ல குடுத்து சேனல் தேடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், அந்த டிவியோட முதுகைத் திறக்காதீங்க. பிக்சர் டியூப்ல ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும், ஆஃப் பண்ணின பிறகும் ரொம்ப நேரம் இருக்கலாம்.

உறையூர்க்காரி:

முசிறியில சித்தி வீட்டுல இருந்துச்சு அண்ணா! மாவு டின் வைக்கிற மேடையா வெச்சிருந்தாங்க. கார் பின் சீட்டுல பெல்ட் போட்டுக் கொண்டு வந்தேன். போட்டதும் 'டொய்ங்'னு ஒரு சத்தம், திரை மேல கை வெச்சா முடி சிலிர்க்குது. ஒரு மூலையில பச்சைக் கறை தெரிஞ்சுது. ரெண்டு மூணு தடவை ஆற விட்டு மறுபடி போட்டதுல மறைஞ்சிடுச்சு. மூணாவது குண்டுல வாத்து விழுந்துச்சு.

எட்டுபிட்_பையன்:

சூப்பர் அக்கா! தம்பி வர்றப்போ ஒண்ணு செய்யுங்க. டக் ஹன்ட்ல ஒரே வாத்து வர்ற ஆட்டத்தைப் போட்டுட்டு, துப்பாக்கி ஒருத்தர் கையில, பேட் இன்னொருத்தர் கையில வெச்சுக்குங்க. பேட்ல அம்புக்குறியை அமுக்கினா வாத்து அந்தப் பக்கம் திரும்பும்.

உறையூர்க்காரி:

நிஜமாவா? துப்பாக்கி யாருக்குன்னு நாங்க அடிச்சுக்காத நாளே இல்ல. அந்த நேரமெல்லாம் பேட் சும்மா தரையில கிடந்துச்சு. இப்பவே அம்மாகிட்ட துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தேன், வாத்தை நான் ஓட்டினேன். அம்மா அஞ்சு அடிச்சாங்க. தம்பிகிட்ட இன்னும் சொல்லல, 13-ஆம் தேதி காலையில வர்றான்.