புதுப்பிப்பு: முயலுக்கு வாங்கிய உலர்புல் ஏன் பூசணம் பிடித்தது?

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தும் உலர்புல்லில் பூசணம் வந்துவிட்டது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது காரணம் புரிந்துவிட்டது.

தப்பு அந்த மூடியில்தான். புல் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும். காற்றே போகாமல் அடைத்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் டப்பாவின் சுவரில் வியர்த்து, மறுபடி புல்லிலேயே இறங்கும். என் டப்பாவில் அடிப்பகுதிதான் முதலில் கெட்டது.

மிச்சம் நன்றாக இருக்கிறதே என்று மேல்புல்லை எடுத்துவைக்க மனம் வந்தது. ஆனாலும் முழுவதையும் கொட்டிவிட்டேன். பூசணத்தின் நுண்வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதன் உணவில் பெரும்பங்கு இந்தப் புல்தான் என்னும்போது துணிய மனமில்லை.

இப்போது பருத்திப் பையில், வாயை லேசாக மடித்து, தரையில் படாமல் மரப்பலகைமேல் வைத்திருக்கிறேன். சுவரிலிருந்தும் சற்றுத் தள்ளி. வெயில் படாத இடம். வெயில் பட்டால் பச்சை நிறமும் வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் குறைந்துவிடும். அட்டைப்பெட்டியும் சரிதான், பக்கத்தில் நாலைந்து துளை போட்டால் போதும்.

அப்புறம், தினமும் கையை அடிவரை விட்டுப் பார்க்கிறேன். சூடோ பிசுபிசுப்போ புளித்த வாடையோ இருந்தால் அதைக் கொடுப்பதில்லை. மூன்று வாரமாக நல்ல புல்வாசம்தான். இரண்டு முயல்களும் பை திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வருகின்றன.